ஊசி யாருக்கு முதலில்? – கேள்வி பதில்

கொரோனா போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. இன்னுமா தடுப்பூசிப் பேச்சு?
– கல்லூரி மாணவர், திருச்சி

அடுத்த கொள்ளைநோய்க்கான ஒப்பந்தத்தில் இப்போதுதானே மை காய்ந்துகொண்டிருக்கிறது, தம்பி! உலக சுகாதாரப் பேரவை 2025 மே 20 அன்று பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதில் நமக்கு வேண்டிய முக்கியமான பகுதியை மட்டும் பின்னிணைப்பு என்று பிரித்துப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பந்தி முடிந்த பிறகு இலை கேட்டுப் பயனில்லை. அதனால்தான் இப்போதே பேசுகிறோம்.

பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசமா? கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்களோ என்று தோன்றுகிறது.
– பள்ளி ஆசிரியை, தேனி

2021 ஜனவரி 18 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் டெட்ரோஸ், நிர்வாகக் குழுவின் முன் ஒரு கணக்கைச் சொன்னார். வசதியான 49 நாடுகளில் அதுவரை 3.9 கோடி ஊசி போட்டாகிவிட்டது. மிக ஏழ்மையான நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே ஒரு நாட்டில் 25 ஊசி. இருபத்தைந்து லட்சம் அல்ல, இருபத்தைந்தாயிரமும் அல்ல, வெறும் இருபத்தைந்து. மேற்கு ஆப்பிரிக்காவின் கினிதான் அந்த நாடு. அந்த 25 பேரில் அதிபரும் அடக்கம்.

சரி, அது ஆரம்பம், போகப்போகச் சரியாகியிருக்கும் என்பீர்கள். அந்த வருஷம் முடியும்போதும் குறைந்த வருமான நாடுகளில் பத்தில் ஒருவருக்குக்கூட முதல் டோஸ் எட்டவில்லை. நவம்பரில் உலகம் முழுக்க ஒரு நாளில் போடப்பட்ட பூஸ்டர் ஊசி, ஏழை நாடுகளில் அதே நாளில் போடப்பட்ட அடிப்படை ஊசியைவிட ஆறு மடங்கு. ஒருவருக்கு மூன்றாவது ஊசி, இன்னொருவருக்கு ஒன்றுகூட இல்லை. இதில் மிகைப்படுத்த எதுவுமே இல்லை, டீச்சர்.

காசு வைத்திருப்பவன் முதலில் வாங்குவது உலக வழக்கம்தானே? இதில் என்ன அநியாயம் கண்டீர்கள்?
– மளிகை வியாபாரி, விருதுநகர்

சரக்குக்கு முதல் போட்டது யார் என்று முதலில் பார்த்துவிடுவோம், அண்ணாச்சி. ஃபைசருடன் சேர்ந்து ஊசியை உருவாக்கிய பயோஎன்டெக்குக்கு ஜெர்மனி அரசு 37.5 கோடி யூரோ கொடுத்தது. மாடர்னா ஊசியில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆய்வு நிலைய விஞ்ஞானிகளின் உழைப்பு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஊசியின் ஆராய்ச்சிக்குப் போன பணத்தில் பெரும்பங்கு பொதுப்பணம். வரிகட்டிய மக்கள் முதல் போட்டார்கள். ஃபைசர் அந்த ஒரே ஊசியில் 2021-ல் மட்டும் 3,680 கோடி டாலர் வருமானம் பார்த்தது.

அடுத்து, விலை. அதே ஆக்ஸ்ஃபோர்டு-அஸ்ட்ராஜெனிகா ஊசிக்கு ஐரோப்பிய நாடுகள் ஒரு டோஸுக்குக் கொடுத்தது 2 டாலர் சொச்சம். அதே ஊசிக்குத் தென்னாப்பிரிக்கா கொடுத்தது 5.25 டாலர். உகாண்டா 7 டாலர். ஏழைக்கு விலை கூட! ஏன் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சிக்கு முதலீடு செய்த நாட்டுக்குத்தான் குறைந்த விலை என்று தென்னாப்பிரிக்காவிடம் சொல்லப்பட்டது. அந்த ஊசியைச் சோதித்துப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 2,000 பேர் கையை நீட்டியிருந்தார்கள். தன் மக்களின் உடம்பையே சோதனைக்குக் கொடுத்த நாட்டை முதல் போடாத நாடு என்று சொன்னது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இதெல்லாம் அப்போது வெளியே தெரியாது. ஒப்பந்தங்கள் அத்தனையும் ரகசியம். ஹெல்த் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற தென்னாப்பிரிக்க அமைப்பு வழக்குப் போட்டு, பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உத்தரவிட்ட பிறகுதான் அந்த நாட்டு மக்கள் தங்கள் அரசு போட்ட ஒப்பந்தங்களையே கண்ணால் பார்த்தார்கள். விலைப்பட்டியலை மறைத்து வைத்து ஆளுக்கொரு விலை சொல்லும் கடையை உங்கள் பஜாரில் விடுவீர்களா, அண்ணாச்சி?

நாங்கள் வாழும் கனடா ஏன் அவ்வளவு ஊசியை வாங்கிக் குவித்தது?
– வாசகி, டொராண்டோ

எந்த ஊசி ஜெயிக்கும் என்று 2020-ல் யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாக் கம்பெனியிடமும் சொல்லிவைத்தார்கள். எல்லாம் ஜெயித்தால் நாட்டு மக்கள் எல்லோருக்கும் ஐந்து முறை போடலாம் என்கிற அளவுக்கு ஆர்டர் சேர்ந்தது. அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் 2021 பிப்ரவரியில், ஏழை நாடுகளுக்கென்று முக்கியமாக உருவான பொதுத் தொகுப்பிலிருந்தும் கனடா 19 லட்சம் டோஸ் எடுத்துக்கொள்ள முன்வந்தது. பணக்கார ஜி-7 நாடுகளில் வேறு எதுவும் அதைச் செய்யவில்லை. விதிப்படி தவறில்லை. நியாயப்படி தவறு.

அந்தப் பொதுத் தொகுப்பு, கோவேக்ஸ், அது ஜெயித்ததா தோற்றதா?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

எண்ணிக்கையில் ஏறக்குறைய ஜெயித்தது. நேரத்தில் தோற்றது. கொள்ளைநோயில் நேரம்தான் உயிர்.

2020 ஏப்ரலில் தொடங்கினார்கள். கேவி, செப்பி என்ற தடுப்பூசி அமைப்புகளும் உலக சுகாதார நிறுவனமும் நடத்த, யுனிசெஃப் ஊசியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எல்லா நாடும் ஒன்றாகப் பணம் போட்டு, ஒன்றாகப் பேரம் பேசி, ஒவ்வொரு நாட்டிலும் முதல் 20 சதவீதம் பேருக்குப் போட்டுவிடுவது என்பது திட்டம். மருத்துவமனை ஊழியர்கள், முதியவர்கள், நோயுள்ளவர்கள் எல்லாம் இந்த 20 சதவீதத்துக்குள் வந்துவிடுவார்கள். கனடாவில் இருக்கும் ஆரோக்கியமான 25 வயதுக்காரருக்கு முன்னால் கானாவில் இருக்கும் நர்ஸுக்கு ஊசி. இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

நடந்தது வேறு. வசதியான நாடுகள் ஒரு கையால் இந்தத் தொகுப்பில் பணம் போட்டன, மறு கையால் கம்பெனிகளுடன் நேரடி ஒப்பந்தம் போட்டன. 2020 டிசம்பரிலேயே உலக மக்கள்தொகையில் 14 சதவீதம் பேர் வாழும் நாடுகள், நம்பிக்கை தந்த ஊசிகளில் 53 சதவீதத்தைப் பேசி முடித்துவிட்டன என்று மக்கள் தடுப்பூசிக் கூட்டமைப்பு கணக்குக் காட்டியது. கோவேக்ஸ் வரிசையில் நின்றபோது முன்னால் நீண்ட கூட்டம்.

2021 பிப்ரவரி 24 அன்று கானாவின் அக்ரா விமான நிலையத்தில் முதல் பெட்டிகள் இறங்கின. 6 லட்சம் டோஸ். எல்லாம் நம்முடைய புனே சீரம் நிறுவனத்தில் செய்தவை. பிரிட்டனில் முதல் ஊசி போட்டு அதற்குள் இரண்டரை மாதம் ஓடிவிட்டது. அந்த வருஷக் கடைசிக்குள் 200 கோடி டோஸ் சேர்ப்பது என்பது இலக்கு, பாதிகூடச் சேரவில்லை. நூறு கோடியாவது டோஸ் 2022 ஜனவரியில்தான் ருவாண்டாவில் இறங்கியது. 2023 டிசம்பர் 31 அன்று கோவேக்ஸை மூடியபோது கணக்கு ஏறத்தாழ 200 கோடி. இலக்குக்கு வந்துசேர்ந்தார்கள், இரண்டு வருஷம் தாமதமாக. அந்த இரண்டு வருஷத்தில் போனவர்கள் போனவர்கள்தான்.

2021-ல் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது சரியா, தவறா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– வழக்கறிஞர், மதுரை

அந்த ஏப்ரலில் எந்த அரசாக இருந்தாலும் நிறுத்தியிருக்கும். ஆக்ஸிஜனுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஜனம் தவித்த மாதத்தில், உள்ளூர்க்காரனை விட்டுவிட்டு வெளியூருக்கு அனுப்பு என்று யாரும் சொல்ல முடியாது. நிறுத்தியதில் தவறில்லை. நிறுத்தியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்ததில்தான் தவறு. 2021 ஜனவரியில் மத்திய அரசு சீரத்துக்குக் கொடுத்த முதல் ஆர்டர் 1.1 கோடி டோஸ். 130 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டுக்கு! உலகமும் அதே தவறைச் செய்தது. ஏழை நாடுகள் அத்தனையின் நம்பிக்கையையும் புனேயில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் மேல் ஏற்றி வைத்தது. அந்த ஒரு வாசல் மூடியதும் ஆப்பிரிக்கா முழுக்கப் பட்டினி.

பக்கத்து வீட்டுக்காரர்களும் பாதியில் நின்றார்கள். நேபாளத்தில் முதல் டோஸ் போட்டுக்கொண்ட 13 லட்சத்துக்கும் அதிகமான முதியவர்கள் இரண்டாவது டோஸுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இலங்கையிலும் பல லட்சம் பேர். இலங்கைக்காரர்களுக்கு ஜூலைக் கடைசியில் ஜப்பான் கொடுத்த ஊசி வந்துதான் வழி பிறந்தது.

பூட்டானைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏழை நாடுகளுக்கு ஊசியைக் கொடுத்தாலும் போடத் தெரியாது என்று பேசியவர்களுக்கு அந்தச் சின்ன நாடு ஒன்றே பதில். இந்தியா அனுப்பிய கோவிஷீல்டை (சீரம் செய்த அஸ்ட்ராஜெனிகா ஊசி) வாங்கியதும் அவர்கள் அவசரப்படவில்லை. புத்த மடத்துப் பெரியவர்கள் நாள் குறித்துக் கொடுத்தார்கள். 2021 மார்ச் 27 காலை 9.30 மணி. குரங்கு வருஷத்தில் பிறந்த 30 வயதுப் பெண்ணுக்கு, அதே குரங்கு வருஷத்தில் பிறந்த இன்னொரு பெண் ஊசி போட வேண்டும். அப்படியே தொடங்கினார்கள். மலைக் கிராமங்களுக்கு ஹெலிகாப்டரில் பெட்டி போனது. ஹெலிகாப்டர் போகாத இடத்துக்குச் சுகாதாரப் பணியாளர்கள் பனியில் நடந்தே போனார்கள். சுமார் இரண்டு வாரத்தில், போட்டுக்கொள்ளத் தகுதியுள்ள பெரியவர்களில் 93 சதவீதம் பேருக்கு முதல் ஊசி முடிந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும்கூட அந்த வேகத்தைத் தொடவில்லை. பிறகு இரண்டாவது டோஸுக்குச் சரக்கு இல்லை. இந்தியக் கதவு மூடியிருந்தது. ஊர் ஊராகக் கேட்டார்கள். ஜூலையில் அமெரிக்காவிலிருந்து 5 லட்சம் மாடர்னாவும், டென்மார்க்கிலிருந்து 2.5 லட்சம் அஸ்ட்ராஜெனிகாவும் வந்தன. ஜூலை 20-ல் ஆரம்பித்து, ஒரு வாரத்தில் 90 சதவீதம்! திறமையில் குறை இல்லை. ஊசிதான் இல்லை.

தடுப்பூசியே கம்பெனிக்காரர்கள் கட்டிய கதை என்கிறாரே என் மைத்துனர்?
– இல்லத்தரசி, நாமக்கல்

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இது: ஊசி வந்த முதல் ஒரு வருஷத்தில் மட்டும் அதனால் பிழைத்தவர்கள் சுமார் 1.98 கோடிப் பேர். ஒவ்வொரு நாட்டிலும் 40 சதவீதம் பேருக்கு 2021-க்குள் போட்டிருந்தால் இன்னும் ஆறு லட்சம் உயிர் தப்பியிருக்கும். ஊசியால் அல்ல, ஊசி கிடைக்காததால் செத்தவர்கள் அந்த ஆறு லட்சம் பேர். மைத்துனரிடம் இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

நாங்கள் குப்பியில் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காமல் போட்டோம் ஐயா. வெளியே கோடிக்கணக்கில் குப்பையில் கொட்டினார்களாமே?
– கிராம சுகாதாரச் செவிலியர் (ஓய்வு), ஒட்டன்சத்திரம்

உங்களுக்கு முதலில் ஒரு வணக்கம், அம்மா. படிப்பவர்களுக்காக உங்கள் வேலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 5 மில்லி. ஆளுக்கு அரை மில்லி. பத்துப் பேருக்கு வரும். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே ஊற்ற வேண்டும். சாயங்காலம் ஏழு பேர்தான் வரிசையில் நிற்கிறார்கள் என்றால், குப்பியைத் திறக்காமல் ஊருக்குள் ஃபோன் போட்டு இன்னும் மூன்று பேரை வரவழைத்திருப்பீர்கள். சேதாரத்துக்கென்று கம்பெனி குப்பியில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றியிருக்கும். ஊசியைச் சாய்த்துப் பிடித்து, காற்றுக் குமிழ் இல்லாமல் பொறுமையாக உறிஞ்சினால் பதினோராவது ஆளுக்கும் கிடைக்கும். கேரளத்துக்கு 2021 மே தொடக்கம் வரை வந்தது 73.38 லட்சம் டோஸ். அங்கே போட்டது 74.26 லட்சம் டோஸ்! அது செவிலியர்களின் கைத்திறமை. தமிழ்நாட்டிலும் பல இடங்களில் அந்தப் பதினோராவது டோஸை எடுத்தீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. 2021 டிசம்பரில் நைஜீரியா தன் தலைநகர் அபுஜாவில் காலாவதியான 10 லட்சத்துக்கும் அதிகமான டோஸை அழித்தது. படம் பார்த்தவர்கள் ஆப்பிரிக்கர்களைத் திட்டினார்கள். அந்த ஊசிகள் நைஜீரியாவுக்கு வந்தபோதே காலாவதிக்குச் சில வாரங்கள்தான் மிச்சமிருந்தன என்பதைப் பலர் கேட்கவில்லை. வசதியான நாடுகள் தங்கள் கிடங்கில் மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, தங்களுக்கு வேண்டாம் என்று உறுதியான பிறகு அனுப்பின. விமானத்திலிருந்து இறக்கி, சோதித்து, மாநிலங்களுக்குப் பிரித்து, குளிர்பெட்டியில் கிராமத்துக்குக் கொண்டுபோக எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு டிசம்பர் மாதத்தில் மட்டும் ஏழை நாடுகள் 10 கோடிக்கும் அதிகமான டோஸை வேண்டாம் என்று திருப்பின. பெரும்பாலும் இந்தக் காலாவதிப் பிரச்சினையால்தான் என்று யுனிசெஃப் சொன்னது. தேதி முடியும்போது தருவதை உதவி என்று கணக்கில் எழுதக் கூடாது.

காப்புரிமையை எடுத்துவிட்டால் யார் புது மருந்து கண்டுபிடிப்பார்கள்?
– மருந்தாளுநர், கோவை

எடுத்துவிடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. 2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் கேட்டது, கொள்ளைநோய் தீரும்வரை நிறுத்தி வையுங்கள் என்று. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. ஐரோப்பிய ஒன்றியம் மறுத்தது. பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் மறுத்தன. அமெரிக்கா 2021 மே 5 அன்று தடுப்பூசிக்கு மட்டும் சரி என்றது. பேசிப் பேசி 2022 ஜூன் 17 அன்று ஒரு முடிவு வந்தது: தடுப்பூசிக் காப்புரிமையில் மட்டும் சில தளர்வுகள். பரிசோதனைக் கருவி, மாத்திரை எதுவும் இல்லை. ஊசி சந்தையில் தேங்கத் தொடங்கிய பிறகு வந்த தளர்வால் யாருக்கு என்ன பயன்?

மருந்தாளுநரான உங்களுக்கு எச்.ஐ.வி. கதை தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2000 வாக்கில் மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சைக்கு ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் மண்டேலா அரசு 1997-ல் மலிவு மருந்துக்குச் சட்டம் கொண்டுவந்தபோது 39 மருந்துக் கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. உலகம் காறித் துப்பிய பிறகு 2001 ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கின. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2001 பிப்ரவரியில், மும்பை சிப்லாவின் யூசுஃப் ஹமீது அதே கூட்டுமருந்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு! அவரால் எப்படி முடிந்தது? 1970-ன் நம் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டும்தான் உரிமை கொடுத்தது, மருந்துக்கே கொடுக்கவில்லை. வேறு வழியில் அதே மருந்தைச் செய்யலாம். உலக வர்த்தக அமைப்பின் விதிக்காக 2005-ல் அந்தச் சட்டத்தை நாம் மாற்றிக்கொண்டோம். அந்த மாற்றத்தின் விலையைத்தான் கொரோனாவில் பல நாடுகள் கொடுத்தன என்பது என் கருத்து.

காப்புரிமை இல்லாமல் யாரும் செய்யமாட்டார்களா என்பதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனையில் பீட்டர் ஹோட்டெஸும் மரியா எலெனா போட்டாஸியும் உருவாக்கிய ஊசிக்குக் காப்புரிமையே வாங்கவில்லை. செய்முறையை ஹைதராபாத் பயாலஜிகல் ஈ நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அதுதான் கோர்பெவாக்ஸ். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் போட்டுக்கொண்டது.

செய்முறையைக் கொடுத்தால் மட்டும் ஆப்பிரிக்காவில் செய்துவிட முடியுமா?
– பொறியாளர், ஓசூர்

கொடுக்காமலே செய்தார்கள். கேப் டவுனில் ஆஃப்ரிஜென் என்ற சிறிய நிறுவனத்தை மையமாக வைத்து உலக சுகாதார நிறுவனம் 2021 ஜூனில் ஓர் எம்.ஆர்.என்.ஏ. (ஃபைசர், மாடர்னா ஊசிகளின் தொழில்நுட்பம்) பயிற்சி மையத்தை அறிவித்தது. மாடர்னா உதவ மறுத்தது. பொதுவில் வெளியாகியிருந்த மரபுத் தகவலை வைத்துக்கொண்டு, உள்ளூர்ப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, 2022 தொடக்கத்தில் ஆய்வக அளவில் தங்கள் சொந்த ஊசியைச் செய்து காட்டினார்கள். கைகொடுத்திருந்தால் எத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும் என்று ஒரு பொறியாளராக நீங்களே கணக்குப் போடலாம்.

ஆனால் தொழிற்சாலை மட்டும் போதாது என்பதையும் அதே தென்னாப்பிரிக்கா காட்டிவிட்டது. அங்குள்ள ஆஸ்பென் தொழிற்சாலை ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசியைக் குப்பிகளில் அடைத்துக் கொடுத்தது. 2021-ல் தென்னாப்பிரிக்கர்கள் ஊசிக்கு வரிசையில் நிற்கும்போதே, அங்கே அடைத்த லட்சக்கணக்கான டோஸ் ஐரோப்பாவுக்குப் போயிற்று! விஷயம் வெளியே வந்து கூச்சல் எழுந்த பிறகுதான் நின்றது. 2022 மார்ச்சில் ஆஸ்பெனுக்குத் தன் சொந்தப் பெயரில் விற்கும் உரிமம் கிடைத்தது. அப்போது ஒரு ஆர்டர்கூட வரவில்லை. உலை இருக்க வேண்டும், உரிமை இருக்க வேண்டும், வாங்குவதாக எழுதிக்கொடுத்த கையெழுத்தும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நடக்காது. ஆப்பிரிக்கா இன்றும் தனக்கு வேண்டிய தடுப்பூசியில் ஏறத்தாழ முழுவதையும் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. 2040-க்குள் 60 சதவீதத்தைத் தானே செய்வது என்று இலக்கு வைத்திருக்கிறது.

உலக நியாயம் இருக்கட்டும் சார். நம் நாட்டுக்குள் நியாயம் இருந்ததா?
– ஆட்டோ ஓட்டுநர், சென்னை

இல்லை. 2021 மே 1 முதல் 18-லிருந்து 44 வயது வரை உள்ளவர்களை மாநிலமும் தனியாரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று மத்திய அரசு கைகழுவியது. ஒரே கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300, தனியார் ஆஸ்பத்திரிக்கு 600. மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு உலகச் சந்தையில் டெண்டர் விட்டன. மாநிலத்தோடு பேசமாட்டோம், மத்திய அரசோடுதான் பேசுவோம் என்று மாடர்னா பஞ்சாபுக்கு எழுதிவிட்டது. உங்களைப் போன்றவர்கள் செல்ஃபோனில் கோவின் தளத்தைத் திறந்து இடம் பிடிக்க வேண்டும் என்றார்கள். பட்டணத்தில் வேகமான இணைப்பு உள்ளவர்கள் கிராமத்து முகாமில் இடம் பிடித்து, காரில் போய்ப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அந்தக் கொள்கை எதேச்சையானது, பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்று மேலோட்டமாகப் பார்த்தாலே தெரிகிறது என்று உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. ஜூன் 21 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அரசு மையங்களில் இலவசம் என்று மாற்றினார்கள். உலகத்தில் பணக்கார நாடு ஏழை நாட்டுக்குச் செய்ததை, அந்த 51 நாளும் நாம் நமக்குள்ளேயே செய்துகொண்டோம்.

தமிழ்நாட்டில் தடுப்பூசி செய்ய முடியாதா?
– இளநிலைப் பொறியாளர், செங்கல்பட்டு

உங்கள் ஊரிலேயே கேள்வியும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது. ஏறத்தாழ 100 ஏக்கரில், பல நூறு கோடி ரூபாய் பொதுப்பணத்தில் மத்திய அரசு நிறுவனம் கட்டிய ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம், ஊசிக்கு உலகமே தவித்த 2021-ல் ஒரு டோஸ்கூடச் செய்யாமல் சும்மா கிடந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் அந்த மே மாதம் நேரில் போய்ப் பார்த்தார். குத்தகைக்குக் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று மத்திய அரசைக் கேட்டார்.

பழைய கதையும் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இருக்கிறது. கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் 1948-லிருந்து. நம் அப்பா அம்மா கையில் இருக்கும் பி.சி.ஜி. தழும்பு பெரும்பாலும் கிண்டியில் செய்த மருந்தால் வந்தது. 2008 ஜனவரியில், உற்பத்தித் தரம் போதவில்லை என்று இந்த இரண்டுக்கும் ஹிமாசலத்தின் கசௌலி நிறுவனத்துக்கும் உரிமத்தை நிறுத்தினார்கள். 2010-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். தரத்தில் சமரசம் கூடாது என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. பழுது பார்க்கப் பணம் கொடுத்திருக்க வேண்டும், உலையை அணைத்திருக்கக் கூடாது. கைதேர்ந்த ஆட்கள் ஒருமுறை கலைந்தால் மறுபடி சேர்க்க வருஷக்கணக்காகும்.

கிருமி மாதிரியைக் கொடுப்பதற்கும் ஊசி கிடைப்பதற்கும் என்ன தொடர்பு? அதைத்தானே ஜெனீவாவில் பேசுகிறார்கள்?
– ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்

நல்ல கேள்வி. மாதிரி இல்லாமல் ஊசி இல்லை. இந்தோனேசியாவில் பறவைக் காய்ச்சல் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தபோது அந்த நாடு கிருமி மாதிரிகளை ஒழுங்காக உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பிவந்தது. அந்த மாதிரியை வைத்து ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனி ஊசி செய்கிறது, அதை இந்தோனேசியா காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று தெரிந்ததும், சுகாதார அமைச்சர் சித்தி ஃபதிலா சுபாரி மாதிரி அனுப்புவதையே நிறுத்தினார். உலகம் அதிர்ந்தது. பேச்சுவார்த்தை நீண்டு, 2011-ல் ஃப்ளூ கிருமிகளுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு வந்தது: மாதிரியைப் பயன்படுத்தும் கம்பெனிகள் மருந்திலும் பணத்திலும் பங்கு தர வேண்டும். அதைச் சாதித்தது அந்த அமைச்சரின் பிடிவாதம்.

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரானைக் கண்டுபிடித்து உடனே உலகத்துக்குச் சொன்னார்கள். பதிலுக்குக் கிடைத்தது விமானத் தடை. இனிமேல் மற்ற கிருமிகளுக்கும் பங்கு வேண்டும் என்பதுதான் பின்னிணைப்புக்கான இப்போதைய பேச்சு. புதிய உடன்படிக்கையின்படி, சேரும் கம்பெனிகள் கொள்ளைநோய்க் காலத்தில் தங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும். அதில் குறைந்தது பாதி இலவசம், மீதி கட்டுப்படியாகும் விலைக்கு. பின்னிணைப்பு முடிந்து, 60 நாடுகள் உறுதிப்படுத்திய பிறகுதான் இது உயிர் பெறும். அமெரிக்கா இதில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்திலிருந்தே விலகுவதாக 2025 ஜனவரியில் அறிவித்துவிட்டது. ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி வாங்கித் தரும் கேவிக்குக் கொடுத்த பணத்தையும் அதே வருஷம் ஜூனில் நிறுத்தியது.

கொரோனாவில் பட்ட பிறகாவது உலகம் திருந்தியதா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

குரங்கம்மையைப் பாருங்கள், ஐயா. மனிதனுக்கு அது வந்ததை முதன்முதலில் கண்டது 1970-ல், காங்கோவில். 2022-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியதும் அங்கே மாதக்கணக்கில் காத்திருக்காமல் ஊசி போட்டார்கள். ஐம்பது வருஷமாக அந்த நோயோடு வாழும் காங்கோவுக்கு முதல் ஊசிப் பெட்டிகள் வந்து இறங்கியது 2024 செப்டம்பர் 5 அன்று. ஒரு லட்சம் டோஸ்கூட இல்லை.

நான் சாதாரண ஆள். என்னால் என்ன செய்ய முடியும்?
– விவசாயி, பெரம்பலூர்

நிறையச் செய்யலாம். உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மூன்று கேள்வி போதும். பெருந்தொற்று உடன்படிக்கையின் பின்னிணைப்பில் இந்தியா என்ன நிலை எடுத்திருக்கிறது? செங்கல்பட்டு வளாகத்திலும் குன்னூரிலும் கிண்டியிலும் இன்று எத்தனை டோஸ் உற்பத்தியாகிறது? அடுத்த கொள்ளைநோயில் அரசு போடும் ஊசி ஒப்பந்தம் மக்கள் பார்வைக்கு வருமா? நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுத்தில் கேட்டால் அமைச்சர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இந்தப் பகுதியில் வெளியிடுகிறேன்.